கேப்ஸ் லாக்குக்கு வேறு வேலை: லினக்ஸில் கீடி நிறுவுவதும் நீக்குவதும்

தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவருக்குக் கேப்ஸ் லாக் விசையால் ஒரு பயனும் இல்லை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு ஷிஃப்ட் போதும். ஆனாலும் 'ஏ' விசையை ஒட்டி, இடது சுண்டுவிரல் இயல்பாகப் போய்ச் சேரும் இடத்தில், நல்ல அகலமாக அது உட்கார்ந்திருக்கிறது. நாள் முழுக்க அழுத்த வேண்டிய கண்ட்ரோலோ மூலையில் கிடக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் பலர் விசை மாற்றத்தின் பக்கம் முதலில் வருகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. லேப்டாப்பில் ஏதோ ஒரு விசை செத்துப்போயிருக்கும். புது விசைப்பலகை போடும்வரை, அதிகம் தொடாத வேறொரு விசைக்கு அந்த வேலையைக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

லினக்ஸில் இதற்கான நிரல்கள் பல. நாம் எடுத்துக்கொள்வது கீடி. கட்டற்ற மென்பொருள், சி மொழியில் எழுதப்பட்டது, அளவில் சிறியது, எல்லா அமைப்பும் ஒரே உரைக் கோப்பில் அடங்கிவிடும். பெயரை கே, இ, ஒய், டி என்ற நான்கு எழுத்துகளாக அடிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'பெரிய எழுத்து' என்று தனியாகச் சொல்லாத இடங்களிலெல்லாம் சிறிய எழுத்துதான்.

விசையை அழுத்தினால் என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். பின்னால் வரும் கோளாறுகளில் பாதி இது புரிந்திருந்தால் வரவே வராது.

விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த எண்ணை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் சொந்தப் பட்டியலுக்கு மாற்றிக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் எஸ்கேப் 1, 'ஏ' 30, கேப்ஸ் லாக் 58. இந்த நிகழ்வுகள் /டெவ்/இன்புட் கோப்புறைக்குள் 'இவென்ட்3' போன்ற பெயருள்ள கோப்புகள் வழியே வெளிவருகின்றன. அவற்றைத் திரையைக் கவனித்துக்கொள்ளும் எக்ஸ் அல்லது வேலாண்ட் படித்து, எக்ஸ்கேபி என்ற அட்டவணையைப் பார்த்து, 'இந்த விசைக்கு இந்த எழுத்து' என்று முடிவு செய்கிறது. எக்ஸ்கேபி கர்னலின் எண்ணோடு 8 கூட்டிக்கொள்ளும். அதனால் ஒரே 'ஏ' விசை கர்னலைப் பார்க்கும் கருவியில் 30 என்றும், எக்ஸ் பக்கத்துக் கருவியில் 38 என்றும் தெரியும். இரண்டும் சரிதான், குழம்ப வேண்டாம். மொழி உள்ளீட்டு நிரலான ஐபஸ் வழியாகத் தமிழ் அடிப்பவர்களுக்கு அதற்கும் மேலே இன்னொரு படி இருக்கிறது.

கீடி உட்காருவது இந்த வரிசையின் தொடக்கத்தில். உண்மையான விசைப்பலகையைத் தன் பிடிக்குள் எடுத்துக்கொள்ளும், வேறு யாரும் அதைப் படிக்க முடியாது. பிறகு யூஇன்புட் என்ற கர்னல் வசதி மூலம் ஒரு மெய்நிகர் விசைப்பலகையை உருவாக்கி, மாற்றிய விசைகளை அதன் வழியே அனுப்பும். மேலே இருக்கிற நிரல்களுக்கெல்லாம் அந்த மெய்நிகர் விசைப்பலகை மட்டும்தான் கண்ணில் படும்.

இதனால் விளைவது மூன்று. ஒன்று, எக்ஸ், வேலாண்ட், கறுப்புத் திரைக் கன்சோல் எல்லாவற்றிலும் மாற்றம் ஒரே மாதிரி வேலை செய்யும். இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய எக்ஸ்மாட்மேப் குறிப்புகள் எக்ஸுக்கு மட்டுமானவை. உபுண்டு 21.04 முதல் வேலாண்டே இயல்பிருப்பு என்பதால் அந்தக் குறிப்புகள் இப்போது பலருக்குக் கைகொடுப்பதில்லை.

இரண்டு, கீடிக்கு விசை தெரியும், எழுத்து தெரியாது. தமிழ்99-இல் 'எச்' விசை க, 'ஜே' விசை ப. கீடியில் எச், ஜே இரண்டையும் இடம் மாற்றினால் ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் கவும் பவும் இடம் மாறும். ஆகவே புதிதாக ஒரு தமிழ் விசைப்பலகை வடிவமைப்பு செய்ய இது கருவி அல்ல. அது ஐபஸின் வேலை, அல்லது எக்ஸ்கேபியின் வேலை.

மூன்று, இது ரூட் எனும் முழு நிர்வாக உரிமையோடு ஓடும். கடவுச்சொல் உட்பட நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு விசையும் இதன் வழியாகத்தான் போகும். கீடி என்றில்லை, இந்த வகை நிரல் எல்லாமே அப்படித்தான். முகம் தெரியாத யாரோ பகிர்ந்த பேக்கேஜை எடுத்து நிறுவக் கூடாத இடம் இது.

நிறுவத்தான் வேண்டுமா?

கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றுவது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் கீடியே வேண்டாம். க்னோம் டெஸ்க்டாப்பில் ட்வீக்ஸ் செயலியின் விசைப்பலகைப் பகுதியிலேயே அதற்கான தேர்வு இருக்கிறது. கேடிஇ டெஸ்க்டாப்பில் கணினி அமைப்புகளுக்குள் விசைப்பலகைப் பகுதியில் இருக்கிறது. நிறுவலும் கிடையாது, நீக்கலும் கிடையாது, டிக்கை எடுத்தால் முடிந்தது.

ஒரே விசை தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் வேறொன்று என்று வேண்டுமா? லேப்டாப்பின் விசைப்பலகைக்கு ஒரு மாற்றம், வெளியே சொருகும் விசைப்பலகைக்கு வேறு மாற்றம் வேண்டுமா? கன்சோலிலும் வேண்டுமா? அப்போது கீடி. டெர்மினல் பக்கமே போகப் பிடிக்காதவர்களுக்கு, சொடுக்கிச் சொடுக்கி அமைக்கும்படி இன்புட் ரீமேப்பர் என்ற நிரல் இருக்கிறது. எதுவானாலும் ஒன்றுதான். இரண்டு மாற்றி நிரல்கள் ஒரே விசைப்பலகையைப் பிடிக்கப் பார்த்தால், முந்திக்கொண்டதற்குக் கிடைக்கும். எது முந்தும் என்பது ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் மாறலாம்.

எஃப்என் விசையை மாற்ற ஆசைப்படுபவர்கள் கவனிக்க: பெரும்பாலான லேப்டாப்களில் அது விசைப்பலகையின் உள் சில்லோடு நின்றுவிடும், கர்னலுக்கே வந்து சேராது. வராத விசையை எந்த நிரலாலும் மாற்ற முடியாது.

நிறுவும் வழிகள்

டெபியன் 13 முதல் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கீடி

டெபியன் பேக்கேஜில் ஒரு சிறு சிக்கல். நிரல் கோப்பின் பெயர் வெறும் கீடி அல்ல. கீடி, ஒரு புள்ளி, பிறகு ஆர், வி, ஏ, ஐ, ஒய், ஏ என்ற ஆறு எழுத்துகள், இடைவெளி இல்லாமல். 'கீடி மானிட்டர்' என்று அடித்து 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், நிறுவல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், இந்த முழுப் பெயரில் கூப்பிடுங்கள். பின்னணியில் ஓடும் சேவையின் பெயர் மட்டும் கீடிதான். சந்தேகம் இருந்தால் 'டிபிகேஜி -எல் கீடி' என்று கேளுங்கள், எல் பெரிய எழுத்து. பேக்கேஜ் எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று பட்டியல் வரும்.

ஆர்ச்சில் 'சூடோ பேக்மேன் -எஸ் கீடி', எஸ் பெரிய எழுத்து. ஃபெடோராவில் கோப்பர் என்ற வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்து நிறுவலாம். களஞ்சியத்தில் இல்லாத பழைய உபுண்டுவில் பிபிஏ என்ற வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்க்கலாம். இல்லையேல் மூலத்திலிருந்து கட்டிக்கொள்ளலாம், அது ஒன்றும் கடினமல்ல:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் கிட்

பிறகு கிட்ஹப்பில் உள்ள கீடி திட்டப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து 'கிட் குளோன்' செய்து, அந்தக் கோப்புறைக்குள் போய்:

மேக்
சூடோ மேக் இன்ஸ்டால்

'மேக்' பிழையோடு நின்றால் அநேகமாக முதல் வரியை விட்டிருப்பீர்கள், கம்பைலர் இல்லை என்று பொருள். கட்டிய பிறகு அந்தக் கோப்புறையை அழித்துவிட வேண்டாம். நீக்கும்போது அதே கோப்புறை தேவைப்படும்.

முக்கியமான ஒன்று: பேக்கேஜ், மூலம் இரண்டில் ஏதாவது ஒரு வழியை மட்டும் பிடியுங்கள். மூலத்திலிருந்து நிறுவினால் நிரல் /யுஎஸ்ஆர்/லோக்கல் என்ற இடத்துக்குக் கீழே போகும். பேக்கேஜாக வந்தால் /யுஎஸ்ஆர் கீழே நேராகப் போகும். இரண்டும் இருந்தால், சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி முதலில் பார்ப்பது லோக்கலைத்தான். நீங்கள் ஆப்டில் புதுப்பித்துக்கொண்டே இருப்பீர்கள், உள்ளே ஓடுவது என்னவோ ஓராண்டுக்கு முன்பு கட்டிய பழையதாகவே இருக்கும்.

முதல் அமைப்புக் கோப்பு

அமைப்புக் கோப்பு இல்லாமல் கீடி சேவை ஓடினாலும் ஒன்றும் ஆகாது. எந்த விசைப்பலகையையும் அது பிடிக்காது. வேலை ஆரம்பிப்பது இந்தக் கோப்பில்தான் (முதல் வரியில் உள்ள பி, ஓ-வுக்கு அடுத்த எழுத்து):

சூடோ எம்கேடிஐஆர் -பி /இடிசி/கீடி
சூடோ நானோ /இடிசி/கீடி/டீஃபால்ட்.கான்ஃப்

கோப்பின் பெயர் சி, ஓ, என், எஃப் என்ற நான்கு எழுத்துகளில் முடிய வேண்டும். சி, எஃப், ஜி என்று முடியும் கோப்பைக் கீடி கண்டுகொள்ளாது. உள்ளே எழுத வேண்டியது:

[ஐடிஸ்]
*

[மெயின்]
கேப்ஸ்லாக் = ஓவர்லோட்(கண்ட்ரோல், இஎஸ்சி)

'ஐடிஸ்' பகுதி எந்தெந்த விசைப்பலகைக்கு இது பொருந்தும் என்று சொல்கிறது. நட்சத்திரம் போட்டால் எல்லாவற்றுக்கும். இந்தப் பகுதியே இல்லாத கோப்பு எதற்கும் பொருந்தாது. 'எழுதினேன், ஒன்றுமே நடக்கவில்லை' என்ற புகாருக்கு முதல் காரணம் இதுதான். 'மெயின்' பகுதியில் மாற்றங்கள். இடப்பக்கம் நீங்கள் அழுத்தும் விசை, வலப்பக்கம் அது செய்ய வேண்டிய வேலை. மேலே உள்ள வரியின்படி கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு சி அடித்தால் நகலெடுக்கும், சும்மா தட்டிவிட்டால் எஸ்கேப். விம் எடிட்டர் பயன்படுத்துகிறவர்கள் இதைப் போட்டுக்கொண்டால் பிறகு வேறு கணினியில் உட்காரவே சலித்துக்கொள்வார்கள்.

தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிக்கிறவர்களுக்கு இதைவிடப் பயன்படும் ஒரு வடிவம் உண்டு:

கேப்ஸ்லாக் = ஓவர்லோட்(கண்ட்ரோல், எம்-ஸ்பேஸ்)

இங்கே எம் பெரிய எழுத்து, விண்டோஸ் படம் போட்ட சூப்பர் விசையைக் குறிக்கும். க்னோமில் சூப்பரும் ஸ்பேஸும் சேர்ந்தால் மொழி மாறும் அல்லவா? இப்போது கேப்ஸ் லாக்கை ஒரு தட்டு தட்டினால் தமிழ், இன்னொரு தட்டில் ஆங்கிலம், பிடித்துக்கொண்டால் கண்ட்ரோல். உங்கள் டெஸ்க்டாப்பில் மொழி மாற்றும் குறுக்குவிசை வேறு என்றால் வலப்பக்கத்தில் அதைப் போடுங்கள். கண்ட்ரோல் பெரிய எழுத்து சி, ஆல்ட் ஏ, ஷிஃப்ட் எஸ்.

ஓவர்லோடில் ஒரு தொல்லை. கண்ட்ரோலுக்காகக் கேப்ஸ் லாக்கைப் பிடிப்பீர்கள், மனம் மாறி எதையும் அடிக்காமல் விரலை எடுப்பீர்கள். அதையும் தட்டு என்று எடுத்துக்கொண்டு மொழியை மாற்றிவிடும். கோப்பில் 'குளோபல்' என்று ஒரு பகுதி சேர்த்து, அதன் கீழ் 'ஓவர்லோட்_டேப்_டைம்அவுட் = 200' என்று எழுதினால், 200 மில்லிநொடிக்கு மேல் பிடித்திருந்ததைத் தட்டாகக் கணக்கில் எடுக்காது. நிதானமாகத் தட்டுகிறவர்களுக்கு 250, 300 சரியாக இருக்கும்.

செத்துப்போன விசைக்கு மருந்து இன்னும் சுருக்கம். ஓ-வுக்கு வலப்பக்கம் உள்ள 'பி' விசை வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்99-இல் அது ண. அதற்கு 'ரைட்ஆல்ட் = பி' என்ற ஒரே வரி போதும். வலது ஆல்ட்டை அழுத்தினால் ஆங்கிலத்தில் பி, ஷிஃப்டோடு பெரிய பி, தமிழில் ண. கீடி அனுப்புவது எழுத்தை அல்ல, பி என்ற விசையை என்பதால் மேலே உள்ள படிகள் தம் வேலையை வழக்கம்போலப் பார்த்துக்கொள்கின்றன.

விசையின் சரியான பெயர் தெரியவில்லையா? சேவையை நிறுத்திவிட்டு 'சூடோ கீடி மானிட்டர்' ஓட்டி, அந்த விசையை அழுத்திப் பாருங்கள். பெயரும், விசைப்பலகையின் அடையாள எண்ணும் வரும். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் மெய்நிகர் விசைப்பலகையின் வெளியீடுதான் தெரியும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மானிட்டர் ஓடும் நேரத்தில் கடவுச்சொல் அடித்தால் அதுவும் திரையில் வரிசையாக வரும் என்பதை மறக்க வேண்டாம். கண்ட்ரோல்-சி அடித்து வெளியே வரலாம்.

அடையாள எண் பதினாறடிமான இலக்கங்கள் நான்கு, ஒரு முக்காற்புள்ளி, மீண்டும் நான்கு என்ற வடிவில் இருக்கும். பல லேப்டாப்களின் உள் விசைப்பலகை 0001:0001 என்று காட்டும். புதிய பதிப்புகளில் பின்னால் இன்னொரு துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். நட்சத்திரத்துக்குப் பதில் இந்த எண்ணைப் போட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் மாற்றம். நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு, அடுத்த வரியில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடும். கடைக் கணினிகளில் இது அவசியமாகலாம். பார்கோடு ஸ்கேனர் பலவும் தன்னை விசைப்பலகை என்றே கணினியிடம் சொல்லிக்கொள்ளும். எண்கள், எழுத்துகளை இடம் மாற்றும் அமைப்பு எழுதியிருந்தால் பில்லில் ஏறும் கோடும் சேர்ந்து மாறும்.

நிரந்தரமாக்கும் முன் 60 நொடி சோதனை

சிஸ்டம்டியில் 'ஸ்டார்ட்' என்றால் இப்போதைக்கு ஓட்டு, 'எனேபிள்' என்றால் ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் ஓட்டு. முதல் சோதனைக்கு எனேபிள் தேவையில்லை. டெபியன் வழி வந்த பேக்கேஜ்கள் பொதுவாகச் சேவையைத் தாமாகவே எனேபிள் செய்துவிடும். அதனால் முதலில்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் கீடி

அடுத்து இந்த மூன்றையும் ஒரே வரியில், அரைப்புள்ளியால் பிரித்து அடியுங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கீடி; ஸ்லீப் 60; சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கீடி

60 நொடி மாற்றம் அமலில் இருக்கும், பிறகு தானாக நின்றுவிடும். அதற்குள் ஒரு எடிட்டரில் எல்லா விசைகளையும் அடித்துப் பாருங்கள். என்டரையோ எஸ்கேப்பையோ தவறாக மாற்றியிருந்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலை திரும்பும். எல்லாம் சரி என்றால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் கீடி'. அதன் பிறகு கோப்பைத் திருத்தும்போதெல்லாம் 'சூடோ கீடி ரீலோட்'. பெயர்ச் சிக்கல் உள்ள டெபியனில் சேவையை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே பலன்தான். எழுத்துப்பிழை இருந்தால் 'சூடோ ஜர்னல்சிடிஎல் -யு கீடி -இ' கடைசி வரிகளில் எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று சொல்லும்.

சோதனை செய்யாமல் எனேபிள் செய்து மாட்டிக்கொண்டால்? பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கீடி உடனே வெளியேறும். அமைப்பில் என்ன எழுதியிருந்தாலும் உண்மையான விசைகளைப் பார்த்துத்தான் இது முடிவாகிறது. ஆனால் சேவை இன்னும் எனேபிளாகத்தான் இருக்கும், மறுபடி கணினியைத் தொடங்கினால் திரும்ப வரும். ஆகவே தப்பித்த கையோடு டிஸேபிள் செய்யுங்கள். அதுவும் முடியாத நிலை என்றால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'சிஸ்டம்டி.மாஸ்க்=கீடி.சர்வீஸ்' என்று சேர்த்து, கண்ட்ரோல்-எக்ஸ் அடித்துத் தொடங்குங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் கீடி எழுந்திருக்காது. கிரப் ஓடும் நேரத்தில் கீடி பிறக்கவே இல்லை என்பதால் விசைகள் அங்கே இயல்பாகவே இருக்கும்.

இதே காரணத்தால் வட்டு மறையாக்கம் செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் வட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் நேரத்தில் கீடி இருக்காது. 'பி' விசை செத்து, வலது ஆல்ட்டில் பிழைப்பு நடத்துகிறவரின் கடவுச்சொல்லில் பி இருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றைக் கைவசம் வையுங்கள், அல்லது முன்கூட்டியே கடவுச்சொல்லை மாற்றுங்கள். உள்நுழைவுத் திரையில் இந்தத் தொல்லை இல்லை, அதற்குள் கீடி வந்துவிடும்.

அடிக்கடி வரும் இரண்டு குழப்பங்கள்

கேப்ஸ் லாக்கையும் எஸ்கேப்பையும் இடம் மாற்றி எழுதியிருப்பீர்கள். பதிவில் பிழையே இருக்காது. ஆனாலும் விசைகள் பழையபடியே வேலை செய்யும். ட்வீக்ஸில் முன்பு எப்போதோ இதே இடமாற்றத்துக்கு டிக் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கீடி கீழே ஒருமுறை மாற்றுகிறது, எக்ஸ்கேபி மேலே இன்னொருமுறை மாற்றுகிறது, இரண்டும் சேர்ந்து பூஜ்யமாகிவிடுகிறது. கீடிக்கு வருகிறவர்கள் முதலில் ட்வீக்ஸ் பக்கத்து மாற்றங்களை எல்லாம் எடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்று லேப்டாப்காரர்களுக்கு. கீடி வந்த நாள் முதல், தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை டச்பேடில் பட்டு அம்புக்குறி எங்கெங்கோ ஓடும். 'தட்டும்போது டச்பேடை முடக்கு' என்ற வசதி ஆனில்தான் இருக்கும். லேப்டாப்பின் சொந்த விசைப்பலகையில் அடித்தால் மட்டுமே டச்பேடை முடக்குவது, உள்ளீட்டுக் கருவிகளைக் கையாளும் லிப்இன்புட்டின் வழக்கம். இப்போது அதற்குத் தெரிவது மெய்நிகர் விசைப்பலகை, வெளியே சொருகியது என்று எடுத்துக்கொள்கிறது. /இடிசி/லிப்இன்புட் கோப்புறையில் 'லோக்கல்-ஓவர்ரைட்ஸ்.குவர்க்ஸ்' என்ற கோப்பை உருவாக்கி இதை எழுதுங்கள்:

[சீரியல் கீபோர்ட்ஸ்]
மேட்ச்யூடெவ்டைப்=கீபோர்ட்
மேட்ச்நேம்=கீடி விர்ச்சுவல் கீபோர்ட்
ஆட்ர்கீபோர்ட்இன்டக்ரேஷன்=இன்டர்னல்

சமக்குறிக்கு இடப்பக்கம் சேர்ந்து நிற்கும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரியது, இடைவெளி கிடையாது. 'ஆட்ர்' என்பது ஏ, டி, டி, ஆர். வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் சரியாகிவிடும்.

நீக்குதல்

ஓடுவதை முதலில் நிறுத்த வேண்டும், கோப்பை அழிப்பது பிறகு. முன்பின்னாகச் செய்தால் நிரல் வட்டிலிருந்து போயிருக்கும், நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். 'நீக்கிவிட்டேன், ஆனால் கேப்ஸ் லாக் இன்னும் கண்ட்ரோலாகத்தான் இருக்கிறது' என்று திகைப்பது அதனால்தான். எனேபிள் செய்தபோது உருவான இணைப்பும் /இடிசி/சிஸ்டம்டி கீழே அநாதையாகக் கிடக்கும். எந்த வழியில் நிறுவியிருந்தாலும் முதல் வரி இது:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் --நவ் கீடி

இந்த நொடியிலேயே விசைகள் பழைய நிலைக்கு வந்திருக்கும். சும்மா சில நாள் கீடி இல்லாமல் இருந்து பார்க்க நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முழுவதும் போக வேண்டும் என்றால்:

டெபியன், உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் பர்ஜ் கீடி'. பிபிஏ சேர்த்திருந்தால், சேர்த்த அதே கட்டளையில் '--ரிமூவ்' போட்டு அதையும் எடுத்துவிடுங்கள், பேக்கேஜ் போனாலும் களஞ்சியம் தானாகப் போகாது. ஆர்ச்சில் 'சூடோ பேக்மேன் -ஆர்என்எஸ் கீடி'. இதில் ஆர் மட்டும் பெரிய எழுத்து. மூலத்திலிருந்து கட்டியவர்கள் அந்தக் கோப்புறைக்குள் போய் 'சூடோ மேக் அன்இன்ஸ்டால்'. கோப்புறையை அழித்துவிட்டீர்களா? நிறுவிய அதே பதிப்பை மறுபடி குளோன் செய்து, அங்கிருந்து இந்தக் கட்டளையைக் கொடுக்கலாம். பிறகு 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' ஒருமுறை.

/இடிசி/கீடி கோப்புறையை நீங்கள் கையால் எழுதியதால் பர்ஜ் அதைத் தொடாமல் விடலாம். வைத்திருந்தால் கெடுதல் இல்லை, என்றாவது மீண்டும் நிறுவினால் பழைய மாற்றங்கள் உடனே உயிர்பெறும் என்பது நினைவிருக்கட்டும். வேண்டாம் என்றால் 'சூடோ ஆர்எம் -ஆர் /இடிசி/கீடி'. அடிக்கும்போது சாய்கோட்டுக்குப் பின்னால் இடைவெளி விழுந்துவிடாமல் பாருங்கள். கீடி என்ற பயனர் குழு மிஞ்சியிருந்தால் 'சூடோ குரூப்டெல் கீடி'. டச்பேடுக்காக எழுதிய குவர்க்ஸ் கோப்பையும் எடுத்துவிடலாம், ஆனால் அதில் உங்களுடைய வேறு வரிகள் இருந்தால் இந்த நான்கை மட்டும் நீக்குங்கள்.

உண்மையிலேயே போய்விட்டதா என்று கேட்க இரண்டு கட்டளைகள்:

விச் -ஏ கீடி
கிரெப் கீடி /ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸ்

முதலாவது எந்தப் பாதையையும் காட்டக் கூடாது (டெபியன் பேக்கேஜாக நிறுவியிருந்தால் புள்ளியோடு வரும் அந்த முழுப் பெயரிலும் கேளுங்கள்). காட்டினால் பேக்கேஜும் மூலமும் கலந்து நிறுவியிருக்கிறீர்கள், மற்ற வழியிலும் நீக்க வேண்டும். இரண்டாவது கர்னலிடம் இப்போது பதிவாகியிருக்கும் உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியலில் தேடுகிறது. மெய்நிகர் விசைப்பலகையின் பெயர் அங்கே வந்தால் எங்கோ ஒரு பிரதி இன்னும் ஓடுகிறது, 'சூடோ பிகில் கீடி' கொடுத்துவிட்டு மறுபடி தேடிப் பாருங்கள். இரண்டும் வெறுமையாக இருந்தும் ஏதோ ஒரு விசை மாறியே வேலை செய்கிறது என்றால், அது கீடியின் வேலை அல்ல. ட்வீக்ஸைத் திறந்து பாருங்கள்.